மூக்கு மருந்தும் பாப்பாவின் கன்னமும்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மூன்றாவது பீரியடோடு விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். விடவில்லை. ஷூ நனைந்து நாற்றம். கணக்கு டெஸ்டில் 25க்கு 17.

இதை எழுத இந்த நோட்டை எடுக்கவில்லை. வேறு விஷயம். யாரிடமும் சொல்ல முடியாது. போன வருஷத்து சமூக அறிவியல் ரஃப் நோட், பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதை யாரும் திறக்க மாட்டார்கள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இன்றோடு பதின்மூன்று நாள். பெண். இன்னும் பெயர் வைக்கவில்லை, பாப்பா என்கிறோம். முப்பது நாள் தீட்டு கழியும்வரை அக்கா உள்அறையை விட்டு வரக்கூடாது. தினமும் இரண்டு பேரையும் அம்மா குளிப்பாட்டி, மண்சட்டியில் தணல் அள்ளிப்போட்டு சாம்பிராணி காட்டுகிறாள். கதவையும் சாத்திவிடுவாள். அறைக்குள் ஆள் தெரியாது. அக்காவுக்கு காலேஜ் நாளிலிருந்தே புகையும் தூசியும் ஆகாது. தும்ம ஆரம்பித்தால் முப்பது, நாற்பது. அப்புறம் மூக்கு அடைத்து, வாயால்தான் மூச்சு.

"புகை வேணாம்மா. மூக்கு அடைச்சிக்குது."

"சளி எறங்காம இருக்கத்தான்டி போடறேன். உங்க ரெண்டு பேரையும் பெத்தப்போ என்னை யாரு கேட்டாங்க?"

போன வியாழன் அக்கா என்னைக் கூப்பிட்டு போனில் ஒரு போட்டோ காட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் காது மூக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு. மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. "இத வாங்கிக்கினு வாடி பவி. அம்மாகிட்ட மூச்சு விடாத. இங்கிலீஷ் மருந்துன்னா குதிப்பாங்க."

வாங்கி வந்தேன். மெடிக்கல் அண்ணா கேட்டார்: "யாருக்குமா?" நான், "எனக்குத்தாண்ணா." ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்கக்கூட இல்லை.

இன்று அக்கா அந்த அட்டைப்பெட்டியை அம்மா கண்ணில் படாமல் எறியச் சொன்னாள். உள்ளே ஒரு தாள், எட்டாக மடித்து. எறும்பு மாதிரி எழுத்து. படித்தேன். அது ஸ்டீராய்டு. கீழே பால் கொடுக்கும் தாய்மாருக்கு என்று ஒரு பத்தி. பாலில் வருமா என்று சரியாகத் தெரியாது, இந்த வகை மருந்துகள் வரக்கூடும், டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

யாரும் கேட்கவில்லை. ஐந்து நாள், இரண்டு மூக்கிலும். வாங்கிக் கொடுத்தது நான்.

இனி அதை மூ.ம. என்று எழுதுகிறேன். யாராவது பார்த்தால் புரியக்கூடாது.


நவ. 12, புதன்

தூறல். இட்லி, பூண்டுக் குழம்பு.

நேற்று தூக்கமில்லை. ஒருவேளை பாலில் வராதோ என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஏனென்றால் அம்மா அக்காவுக்குக் கொடுக்காதவை:

வாழைப்பழம் (பாப்பாவுக்குச் சளி பிடிக்கும்)
உருளைக்கிழங்கு (பாப்பாவுக்கு வாயு)
தயிர் (இருமல்)
பச்சைத் தண்ணீர். வெந்நீரும் அரை டம்ளர்தான் (அக்காவுக்கு வயிறு போட்டுவிடும்)
கத்தரிக்காய் (அரிப்பு, யாருக்கு என்று தெரியவில்லை)

"நீ தின்றதுதான்டி அது குடிக்குது." இதை ஒரு நாளைக்குப் பத்து தரம் சொல்கிறாள். வாழைப்பழமே போய்ச் சேருமென்றால் ஸ்டீராய்டு போகாதா?

அக்கா இன்றும் மூ.ம. அடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால், புஸ் புஸ் என்று. பிறகு நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு பாப்பாவை எடுத்து மடியில் போட்டாள். சிரித்துக்கொண்டே. பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.


நவ. 13, வியாழன்

ஆயிஷாவிடம் கேட்டேன். பக்கத்து பெஞ்ச். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை, பொதுவாகத்தான்.

"ஸ்டீராய்டா? எங்க காலா மூச்சுத் திணறலுக்கு மாசக்கணக்கா மாத்திரை சாப்ட்டாங்கபா. முகம் பூசணிக்கா மாதிரி ஊதிப்போச்சு. கன்னம் ரெண்டும் இப்டி."

காலா என்றால் அவள் அம்மாவின் தங்கை. ஆயிஷா தன் கன்னத்தில் காற்றடைத்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சாயந்திரம் பக்கத்து வீட்டு மல்லிகா அத்தை வந்திருந்தாள். தறியிலிருந்து எழுந்து நேராக வந்ததால் புடவை முழுக்க நூல் துணுக்கு. பாப்பாவைப் பார்த்து, "இன்னாக்கா இது, கன்னம் ரெண்டும் பன்னு கணக்கா இருக்குது! போன வாரம் எலிக்குட்டி மாதிரி இருந்துதே!"

அம்மா பெருமையாக, "என் கைப்பக்குவம்மா."

ஆயிஷா ஊதிக் காட்டிய கன்னம்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை போன பிறகு பாயில் கிடந்த ஒரு பட்டு நூலை எடுத்தேன். பாப்பா தூங்கும்போது ஒரு காதிலிருந்து மறு காதுவரை கன்னத்தின் மேலாக வைத்து அளந்தேன். பேனாவால் புள்ளி வைத்தேன். நாளை மறுபடி அளக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லலாமா? முகூர்த்த சீசன், கடையிலிருந்து பத்து மணிக்குத்தான் வருகிறார். நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டித் தோள் வலி. வந்ததும் பாப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.


நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு லட்டு. தின்னவில்லை, ஆயிஷாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

நூலை வைத்து அளந்தேன். புள்ளி தாண்டி இருக்கிறது. பாப்பா தலையைத் திருப்பிவிட்டாள், மறுபடி வைத்தால் புள்ளிக்கு உள்ளே வருகிறது. மூன்றாவது முறை தாண்டி. நான் சரியாகப் பிடிக்கவில்லையா, நிஜமாகவே ஊதியிருக்கிறதா?

எடுத்துவிட்டேன். மூ.ம.வை. அக்கா கொல்லைப் பக்கம் போயிருந்தபோது தலையணைக்குக் கீழிருந்து. வீட்டில் எங்கே ஒளித்தாலும் அம்மா கண்டுபிடிப்பாள். ஸ்கூல் பையில் டிபன் பைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஸ்கூலில் பை செக் பண்ணினால்? போன் கொண்டுவருகிறோமா என்று திடீரென்று பார்ப்பார்கள். பண்ணினால் என்னுடையது என்று சொல்வேன். அந்தப் பொய் ஏற்கெனவே ஒருமுறை சொன்னதுதானே.

அக்காவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, போடாதே." சொன்னால் என்ன ஆகும்? நீ ஏன் முதலிலேயே படிக்கவில்லை என்பாள். அழுவாள். எட்டு நாள் கொடுத்துவிட்டேனே என்று அழுவாள். அழுதால் பால் வற்றும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.


நவ. 15, சனி

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

அக்கா தேடுகிறாள். சத்தமில்லாமல். பாயைச் சுருட்டி, துணிக்கூடையைக் கவிழ்த்து, தூளியைக்கூட உதறினாள். அம்மா, "இன்னாடி தேடற?" "கம்மல் திருகும்மா."

பிறகு என்னிடம், காதோடு: "நீ எடுத்தியாடி?"

"எத?"

"தெரியாத மாதிரி கேக்கற பாரு. மூக்கு மருந்து."

"எனக்கின்னா தெரியும்? அம்மா பெருக்கும்போது போயிருக்கும்."

"அய்யய்யோ. வேற ஒண்ணு வாங்கிக்கினு வாயேன். செத்துடுவேன் போலக்குது."

மெடிக்கல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன். "ஸ்டாக் இல்லையாம்க்கா. ரெண்டு வாரம் ஆகுமாம்."

அக்கா வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். உதடெல்லாம் வெடிப்பு.

இது நல்லதுக்குத்தான். பாப்பாவுக்காகத்தான். (இரண்டு தடவை எழுதினால் நம்பிக்கை வருமா என்று பார்க்கிறேன். பாப்பாவுக்காகத்தான்.)


நவ. 17, திங்கள்

அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை. பால் கொடுக்கும்போதே தும்முகிறாள், பாப்பா தூக்கிப்போட்டு விழித்து வீறிடுகிறாள். நேற்று மாமா வந்திருந்தார். மாமாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஞாயிறுதான் லீவு. "டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போலாமா அத்தை?" என்றார்.

"தீட்டு கழியறதுக்குள்ள ஒரு மூக்குச் சளிக்கா? நல்லா இருக்குதே உங்க பேச்சு, மாப்ள."

இன்று அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. முனைக் கடையில் சளி மாத்திரை வாங்கி வந்தாள். சிவப்பு அட்டை. "இது நாம எல்லாரும் சாப்புட்றதுதான. மூணு வேள போடு, கப்புனு நிக்கும்." இங்கிலீஷ் மருந்து என்றால் குதிக்கிறவள். அது மெடிக்கலில் வாங்கவில்லை, பொட்டுக்கடலையோடு வாங்கியது. அதனால் கணக்கில் சேராதாம்.

மாலைக்குள் அக்காவின் மூக்கு ஒழுகல் நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. இனி மூ.ம. தேட மாட்டாள்.


நவ. 19, புதன்

மேகமூட்டம். சயின்ஸ் ரெக்கார்டு இரண்டு படம் பாக்கி.

பாப்பா நன்றாகத் தூங்குகிறாள். ஒரே தூக்கம் நான்கு மணி நேரம். அழுகையே இல்லை. அம்மா: "பாத்தியா, நல்ல புள்ள ஆயிடுச்சு." அக்காவும் தூங்கி வழிகிறாள். மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டே தலை சாய்கிறது.

நூலால் அளந்தேன். புள்ளிக்கு நன்றாக உள்ளே. கன்னம் வற்றியிருக்கிறது!

நான் காப்பாற்றிவிட்டேன். சரியான நேரத்தில் எடுத்தேன். ஒன்பது நாளில் இன்றுதான் சோறு உள்ளே இறங்கியது.


நவ. 20, வியாழன்

பாப்பா அழுகிறாள். பிடித்து நாலு வாய் குடிக்கிறாள், விடுகிறாள், வீல் என்று கத்துகிறாள். மறுபடி பிடிக்கிறாள், விடுகிறாள். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிப்போகிறாள்.

அக்கா: "பால் இல்லம்மா. முன்ன மாதிரி கட்டவே மாட்டேங்குது."

அம்மா சுறாப்புட்டு செய்தாள். பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தாள். மல்லிகா அத்தை, "பேசாம டின் பவுடர் வாங்குக்கா" என்றாள். "பவுடரா? என் பொண்ணுக்குப் பால் இல்லன்னு ஊரு பூரா தம்பட்டம் அடிப்பியா?" அத்தை கோபித்துக்கொண்டு போனாள்.

ஏன்? நான்தான் எடுத்துவிட்டேனே. இனி ஏன்?


நவ. 21, வெள்ளி

எழுத்து கோணல்.

அரைப் பரீட்சைக்கு டைம்டேபிள் கொடுத்து மதியமே விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது நர்சம்மா வந்திருந்தார். எங்கள் பக்கத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த குழந்தைகளைப் பார்க்க வருகிறவர். கொக்கித் தராசில் துணியைக் கட்டிப் பாப்பாவைத் தொங்கவிட்டார். ஒரு தடவை பார்த்தார். இறக்கி மறுபடி மாட்டினார்.

போன தடவை 3 கிலோ. இன்று 2 கிலோ 950.

"ஏறலியேமா. எறங்கி இருக்குது. ஒண்ணுக்கு எத்தினி தரம் போவுது?"

அம்மா அக்காவைப் பார்த்தாள், அக்கா அம்மாவைப் பார்த்தாள். யாரும் எண்ணவில்லை.

"அம்மா எதுனா மருந்து சாப்புட்றாங்களா?"

"ஒரு மருந்தும் கெடையாது. லேகியம்தான்." அம்மா பாட்டிலைக் காட்டினாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சிவப்பு அட்டை நினைப்பிலேயே இல்லை.

"நாளைக்கி காலையில கூட்டிக்கினு வந்துடுங்க. தீட்டு கீட்டுன்னு ஒக்காந்துக்கினு இருந்தா அப்புறம் அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் போட வேண்டி வரும்."

அவர் போனதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் யூனிபார்மோடேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெரு முனையில் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்.

"நர்சம்மா, நான்தான் பண்ணேன்."

"இன்னா பண்ண?"

மூ.ம.வை எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையில் பாதி விளங்கியிருக்காது. வாங்கியது, பொய் சொன்னது, எட்டு நாள், கன்னம், ஆயிஷாவின் காலா.

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்குல அடிக்கறதுதான? இதுக்கா இப்டி ஒப்பாரி? பாலு குடுக்கற எத்தினியோ பேருக்கு டாக்டர் எழுதிக்குடுத்துக் கீறாங்க. ஏன் நிறுத்துனா உங்க அக்கா?"

"நிறுத்தல. நான் எடுத்துட்டேன்."

"சரி, மூக்கு அடைப்புக்கு அப்பால இன்னா பண்ணா?"

"கடை மாத்திரை. சிவப்பு அட்டை. மூணு வேளை."

"எத்தினி நாளா?"

"திங்கக்கிழமையிலேருந்து."

அதுவரை சாதாரணமாக இருந்த முகம் மாறியது. ஸ்கூட்டியை ஆஃப் பண்ணினார். "இன்னிக்கி ராத்திரி மாத்திரை போடக் கூடாது, போய்ச் சொல்லு. பாப்பாவ எழுப்பி எழுப்பிக் குடுக்கச் சொல்லு. அந்த அட்டையையும் இதையும் நாளைக்கி எடுத்துக்கினு வா."

போய்ச் சொன்னேன். மாத்திரை வேண்டாம், பாப்பாவை எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று நர்சம்மா சொன்னார் என்று மட்டும். மீதியைச் சொல்லவில்லை.

அப்படியென்றால் மூ.ம. ஒன்றும் செய்யவில்லை. நான் எடுத்ததால்தான் மாத்திரை. மாத்திரையால்தான் இது. கன்னம் வற்றியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பட்டினியில் வற்றியதை.


நவ. 22, சனி

அம்மா, அக்கா, பாப்பா, நான். ஆட்டோ. வாசலைத் தாண்டும்போது அம்மா ஒரு வேப்பிலைக் கொத்தை அக்கா இடுப்பில் செருகினாள், அவ்வளவுதான். தீட்டு பற்றிப் பேச்சில்லை.

பெண் டாக்டர். சின்ன வயசு. பாப்பாவின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார், தொடையைக் கிள்ளிப் பார்த்தார். அட்மிட் வேண்டாம் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாத்திரை அட்டையைப் படித்தார். "இதுல தூக்கம் வர்றதுக்கு ஒண்ணு இருக்கு. மூக்கு அடைப்புக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டுமே பாலைக் குறைக்கலாம். அம்மாவும் தூங்கி, பாப்பாவும் தூங்கி, குடிக்கவே இல்ல. தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

அக்கா விரலால் அரை டம்ளர் காட்டினாள். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஸ்பிரே போட்டுக்கினு இருந்தீங்களாமே. அதை ஏன் விட்டீங்க?"

அம்மா நிமிர்ந்தாள். "எந்த ஸ்பிரே?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "காணாப் போச்சு டாக்டர்."

நர்சம்மா கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"காணாப் போகல. நான்தான் எடுத்தேன்." பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். தாளையும் வைத்தேன். "இதுல பால் கொடுக்கறவங்களுக்கு ஆகாதுன்னு போட்டிருக்கு."

டாக்டர் அந்தப் பத்தியைப் படித்தார். "ஆகாதுன்னு போடலியேமா. தெரியாது, டாக்டரைக் கேளுன்னு போட்டிருக்கு. பால் கொடுக்கற அம்மாங்கள வெச்சு மருந்த சோதிச்சுப் பாக்கறது ரொம்பக் குறைச்சல். அதனால முக்கால்வாசி மருந்துல இப்படித்தான் எழுதுவாங்க. இது மூக்குக்குள்ள மட்டும் வேலை செய்யறது. ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம், அதுலேர்ந்து பாலுக்கு வர்றது அதவிடக் கொஞ்சம். சொன்ன அளவுல போட்டா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. மாசக்கணக்கா முழுங்கற மாத்திரை வேற கதை." பிறகு, "பயந்தது தப்பில்ல. கேட்டிருந்தா மெடிக்கல்லயே சொல்லியிருப்பாங்க."

கேட்டார் அந்த மெடிக்கல் அண்ணா. "யாருக்குமா" என்று கேட்டார். நான்தான் சொல்லவில்லை.

மாத்திரை நிறுத்த வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை பாப்பாவை எழுப்பிக் கொடுக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர். சாம்பிராணி கூடாது. ஸ்பிரே ஒரு மூக்குக்கு ஒரு அடி, காலையில். செவ்வாய்க்கிழமை எடை. அப்போதும் ஏறாவிட்டால் அட்மிஷன்.

ஆட்டோவில் பாதி வழியில் அம்மா, "என்கிட்ட ஒருத்தியாவது சொன்னீங்களா?" என்றாள். கொஞ்ச தூரம் போய், "நான் பெத்த தாயி, என் கையால குடுத்தேன்டி" என்று அழ ஆரம்பித்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.


நவ. 23, ஞாயிறு

மழை.

மாமா வந்தார், கத்தினார், பாப்பாவைத் தூக்கியதும் அடங்கினார்.

அக்கா என்னோடு பேசவில்லை. நேற்றிலிருந்து. திட்டினால்கூடத் தேவலை. ஏதாவது வேண்டுமென்றால் பாப்பாவிடம் சொல்கிறாள். "பாப்பா, அந்தத் துணிய எடுத்துத் தரச் சொல்லு." "பாப்பா, ஃபேனைக் கொறைக்கச் சொல்லு." அம்மா, "அவதான் இங்கியே நிக்கறாளே, நேரா சொல்லித் தொலையேன்டி" என்றாள். "பாப்பா, பாட்டியைச் சும்மா இருக்கச் சொல்லு."

ஒண்ணுக்கு: காலையிலிருந்து நான்கு. நான்தான் எண்ணுகிறேன்.


நவ. 24, திங்கள்

ஒண்ணுக்கு ஆறு. ஒன்று சந்தேகம், தண்ணீர் சிந்தியதோ என்னவோ.

ஸ்கூலில் உட்கார முடியவில்லை. தமிழ் மிஸ் மனப்பாடப் பாட்டு கேட்டார், நின்றேன், வாயில் வரவில்லை. வெளியே நிற்க வைத்தார். நாளைக்கு எடை. ஏறாவிட்டால்?

சொம்பில் வெந்நீர் ஆற்றி அக்கா பக்கத்தில் வைத்தேன். நான் நிற்கும்வரை தொடவில்லை. வெளியே வந்த பிறகு சொம்பு வைக்கிற சத்தம் கேட்டது.


நவ. 25, செவ்வாய்

வெயில். ஸ்கூல் போகவில்லை, வயிற்று வலி என்று சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

நர்சம்மா பதினொன்றரைக்கு வந்தார். துணியைக் கட்டினார். பாப்பா காலை உதைத்துக்கொண்டே இருந்தாள், எண் நிற்கவே இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தறிகூட நின்றிருந்தது. மல்லிகா அத்தை ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3 கிலோ 60.

நர்சம்மா கார்டில் எழுதிவிட்டு, "ஏறிடுச்சு. போதும். அழுவாதீங்க, எல்லாரும் சேர்ந்து அழுதா பாப்பா பயந்துக்கும்" என்றார். அம்மா போய் அவருக்குக் காபி போட்டாள். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவர் ஒரு வாய் குடித்து ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அடுத்த எடை ஒரு வாரம் கழித்து. இன்னும் முழுசாகப் பயம் போகவில்லை. ஒரு வாரம் நான் எண்ணுவேன். ஒண்ணுக்கு, தூக்கம், எத்தனை வாய்.

அக்கா நர்சம்மாவிடம் சிரித்துப் பேசினாள். அம்மாவிடம் பேசினாள். ஜன்னலில் நின்ற அத்தையிடம்கூட. நான் கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு ஸ்கூல் போக வேண்டும். மனப்பாடப் பாட்டு படிக்க வேண்டும். லீவ் லெட்டரில் என்ன எழுதுவது?

பாப்பா முழித்துவிட்டாள், அழுகிறாள். பசி அழுகைதான், இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். உள்ளே அக்கா மட்டும்தான்.

கூப்பிடுகிறாள். பாப்பாவிடம் சொல்லவில்லை. "பவி" என்றாள்.

மறுபடியும். போகிறேன்.